இலங்கையின் புறநாட்டு வாணிபமும் 1977 ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும்: ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டின் துறைமுகத்தில் ஏறும் பொருள்களும் இறங்கும் பொருள்களும் அந்நாட்டு மக்களின் தொழிலையும் வாழ்க்கைத் தரத்தையும் காட்டும் கண்ணாடி எனலாம். காவிரிப்பூம்பட்டினத்து வந்து குவிந்த பொருள்களைக் கூறப்புகுந்த பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. உணவை அனுப்பிய நாடெனச் சங்கச் செய்யுள் காட்டும் அதே ஈழம், இருபதாம் நூற்றாண்டில் அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் பிறநாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கி நின்றது. இவ்வகை மாற்றங்களை இயற்கையின்மேல் மட்டும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆட்சியாளர் காலந்தோறும் கைக்கொண்ட கொள்கைகளும் அவற்றை உருவாக்கியுள்ளன.

அத்தகைய கொள்கைகளுள் 1977 ஆம் ஆண்டு நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்தோடு தொடங்கிய வாணிபச் சீர்திருத்தம் பெரிதும் பேசப்பட்டதொன்றாகும். அதனைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் வழங்குகின்றன. தேயிலையை மட்டும் நம்பியிருந்த நாட்டை உலகச் சந்தைக்குத் தக்கதாக்கியது அச்சீர்திருத்தமே என்பர் ஒரு சாரார். நாட்டின் உழவனையும் நெசவாளனையும் கைவிட்டுப் பிறர் பொருளுக்கு வாயிலைத் திறந்துவிட்டது அதுவே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும், இரண்டும் முழு உண்மையாகா. சீர்திருத்தம் எதனை மாற்றியது, எதனை மாற்றாது விட்டது, மாற்றத்தின் சுமை யார் தலையில் ஏறியது என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே எழுப்பி விடை காணுமிடத்தே நடுநிலையான மதிப்பீடு கைகூடும்.

சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டில் இலங்கை பெற்ற பொருளாதார உடைமை தோட்டப் பயிர்ச்செய்கையாகும். தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றுமே ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்கு 90 பங்களவினை ஈட்டித் தந்தன. அவ்வருவாயைக் கொண்டு அரிசி, கோதுமை மா, சீனி, துணி முதலியன வாங்கப்பட்டன. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் விலை ஏறியபொழுது நாட்டின் கருவூலம் நிறைந்தது. போர் தணிந்து விலை இறங்கியபொழுது அதுவும் வற்றலாயிற்று. 1952 ஆம் ஆண்டில் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் அந்நெருக்கடிக்கு ஒரு பரிகாரமாக அமைந்தது. எனினும் 1950 களின் பிற்பகுதி தொட்டு வெளிநாட்டுச் சொத்துகள் குறைந்துகொண்டே சென்றமையால், 1960 களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. இக்கட்டுப்பாடுகள் ஒரு தொழில் வளர்ச்சித் திட்டத்திலிருந்து பிறந்தவையல்ல. கையிலுள்ள செலாவணி போதாமையிலிருந்து பிறந்தவை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், நெருக்கடி பிறப்பிக்கும் கொள்கை நெருக்கடி தீருமளவும் நிற்குமேயன்றி, தொலைநோக்கோடு நிற்பதில்லை.

1968 ஆம் ஆண்டில் நாணயமாற்று இருவகைப்படுத்தப்பட்டது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மரபுவழி ஏற்றுமதிகள் குறைந்த மாற்று வீதத்திலேயே நின்றன. சிறு ஏற்றுமதிகளுக்கு உரிமைச் சான்றிதழ் மூலம் உயர்ந்த வீதம் கிடைத்தது. அரிசி, மா, மருந்து முதலியவற்றைக் குறைந்த வீதத்தில் வாங்கவும், ஏனையவற்றிற்கு உயர்ந்த வீதத்தில் பணம் செலுத்தவும் வழி செய்யப்பட்டது. புதிய ஏற்றுமதிகளை ஊக்குவித்தல் இதன் நோக்கமாயினும், தேயிலையிலிருந்து மறைமுகமாக வரி பெறுதலே இதன் நடைமுறையாயிற்று.

1970 ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிற்று. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. இதனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலங்களில் ஏற்பட்ட மாற்றம் குறிப்பிடத்தக்கது. துலாவினால் நீரிறைத்த கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பெருகின. இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்ப்புறத் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் மிளகாயும் தென்னிலங்கைச் சந்தைகளுக்கு லொறிகளிற் சென்றன. அரசாங்க உத்தியோகத்தையே இலட்சியமாகக் கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் மண்ணிற் கால்வைக்கத் துணிந்தனர். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர்கள் மிளகாய்ச் செய்கையில் ஈடுபட்டனர். கல்வி ஒன்றே செல்வம் என்றிருந்த சமுதாயத்தில் கமம் மீண்டும் மதிப்புப் பெற்ற காலம் அஃது.

ஆயினும், அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவோர் அதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களும் அதே காலத்து மக்களேயாவர். 1973 ஆம் ஆண்டில் உலக உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறியபொழுது பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு செல்லுதலும் தடைசெய்யப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் 1974 ஆம் ஆண்டில் இறப்பு வீதம் உயர்ந்தது. ஏற்றுமதி வருவாயை ஈட்டித் தந்த தொழிலாளரே பட்டினிக்கு ஆளாயினர். மூலப்பொருள் வாங்கச் செலாவணியின்மையால் ஆலைகள் தம் முழு ஆற்றலோடு இயங்கவில்லை. 1977 ஆம் ஆண்டில் ஏற்றுமதி வருவாயில் அரைப்பங்கிற்கு மேற்பட்டது தேயிலையினின்றே கிடைத்தது. ஆகவே, இறக்குமதியை அடைத்தல் ஏற்றுமதியை வளர்க்கவில்லை என்பது தெளிவு. கமக்காரனுக்கும் அக்கொள்கை விலையை மட்டுமே கொடுத்தது. களஞ்சியம், விளைச்சலை உயர்த்தும் ஆராய்ச்சி, நிலையான கடன் வசதி ஆகியவை தேவையான அளவு அவனுக்குக் கிட்டவில்லை. பற்றாக்குறையினால் வந்த விலை பற்றாக்குறையோடே போய்விடும் என்பதை அக்காலத்து ஆட்சியாளர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

1977 ஆம் ஆண்டு யூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தன தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி வெற்றியெய்தியது. அதே ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் பழைய அமைப்பைப் பெரும்பாலும் அகற்றியது. இருவகை நாணயமாற்று ஒன்றாக்கப்பட்டது. ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. பெரும்பாலான பொருள்களுக்கு அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டு அதற்குப் பதிலாகத் தீர்வை விதிக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டில் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. அடுத்த ஆண்டில் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை தோன்றியது. தெற்காசிய நாடுகளுள் இத்துணை விரிவான சீர்திருத்தத்தை முதன்முதல் மேற்கொண்டது இலங்கையே.

இதன் பயனை மறுத்தல் நேர்மையாகாது. 1977 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 75 கோடி டொலராக இருந்த பண்ட ஏற்றுமதி, 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 550 கோடி டொலராயிற்று. ஏற்றுமதியில் நூற்றுக்கு 14 பங்கு அளவினதாயிருந்த கைத்தொழிற் பொருள்கள், அந்நூற்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 75 பங்கை அண்மின. 1986 ஆம் ஆண்டில் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சியது. நூறாண்டுக்கு மேலாக ஓர் இலையை நம்பி வாழ்ந்த நாட்டின் வரலாற்றில் இஃதொரு பெருந் திருப்பமாகும். 1992 ஆம் ஆண்டில் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலை நாட்டுப்புறங்களுக்கும் கொண்டுசென்றது. இலட்சக்கணக்கான இளம்பெண்கள் முதன்முறையாகத் தம் கையிற் சம்பளம் பெற்றனர்.

ஆயினும், இவ்வெற்றி முழுவதையும் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. 1974 ஆம் ஆண்டு முதல் வளர்ந்த நாடுகள் பல்லிழை உடன்படிக்கையின்கீழ் ஒவ்வொரு நாடும் தமக்கு விற்கக்கூடிய ஆடையின் அளவை வரையறுத்திருந்தன. ஹொங்கொங் முதலிய இடங்களிலிருந்த உற்பத்தியாளர் தமக்குரிய பங்கு நிறைந்துவிட்டமையால், பங்கு மிகுந்திருந்த புதிய நாடுகளைத் தேடினர். அவ்வேளையில் கதவு திறந்திருந்த நாடு இலங்கை. அஃதாவது, கதவைத் திறந்தது கொழும்பு. உள்ளே வந்தோரை அவ்வழி திருப்பிவிட்டவை வாஷிங்டனிலும் ஐரோப்பியத் தலைநகர்களிலும் எழுதப்பட்ட விதிகள். சீர்திருத்தமில்லையேல் அவ்வாய்ப்பு கைநழுவியிருக்கும் என்பது உண்மை. அவ்வாய்ப்பில்லையேல் சீர்திருத்தம் இத்தகைய விளைவைத் தந்திராது என்பதும் அதற்குக் குறைந்த உண்மையன்று.

மேலும், தைக்கப்பட்ட ஆடை ஏற்றுமதியாயிற்றேயன்றி, அதன் துணியும் நூலும் பொத்தானும் பெரும்பாலும் இறக்குமதியாயின. ஆகவே நூறு டொலர் பெறுமதியான ஆடை விற்பனையில் நாட்டிற்குள் தங்கியது அதன் ஒரு பகுதியே. தேயிலையிலோ பெரும்பகுதி உள்நாட்டு மண்ணின் பயனும் உள்நாட்டு உழைப்பின் பயனுமாகும். இதனைக் கருதாது ஆடையின் மொத்தப் பெறுமதியைத் தேயிலையின் மொத்தப் பெறுமதியோடு ஒப்பிடுதல் கணக்கிற் பிழையாகும். அத்துணைப் பயன் தந்த தேயிலைக்கும் புதிய கொள்கை நன்மை செய்ததா எனின், அதுவும் ஐயத்திற்குரியதே. நாணய மதிப்பிறக்கத்தாற் கிடைக்கவேண்டிய ஆதாயத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுமதித் தீர்வையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏற்றுமதிப் பட்டியலை இன்னொரு முறை நோக்கின் மற்றோர் உண்மையும் புலனாகும். 1977 ஆம் ஆண்டில் தேயிலை ஒன்றே ஏற்றுமதியின் அரைப்பங்கைத் தாண்டி நின்றது. 2019 ஆம் ஆண்டில் ஆடை ஒன்றே அரைப்பங்கிற்குச் சற்றுக் குறைவாக நின்றது. பொருள் மாறியது, ஒன்றையே சார்ந்திருக்கும் நிலை மாறவில்லை. முன்னர் இலண்டன் தேயிலை ஏலத்தின் விலையை எதிர்நோக்கிய நாடு, பின்னர் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளிக்கும் சலுகைகளை எதிர்நோக்கலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்புத் தீர்வைச் சலுகை 2010 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 2017 ஆம் ஆண்டில் மீண்டும் வழங்கப்பட்டமையும், 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு நூற்றுக்கு 44 எனத் தீர்வை அறிவித்து ஆகஸ்டில் அதனை 20 ஆகக் குறைத்தமையும் இச்சார்பின் அளவைக் காட்டுவன.

இறக்குமதிப் பக்கத்தின் மாற்றம் இன்னும் விரைவானது. 1977 ஆம் ஆண்டில் ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சி நின்றது. அதன் பின்னர் இலங்கையின் பண்ட வாணிபம் மிகைகாட்டிய ஆண்டு இல்லை. 1980 ஆம் ஆண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 106 கோடி டொலராகவும் இறக்குமதி ஏறத்தாழ 205 கோடி டொலராகவும் இருந்தன. மூன்றாண்டுகளுள் இறக்குமதி ஏற்றுமதியின் இருமடங்கை அண்மியது. இவ்விடைவெளியை நிரப்பியவை வெளிநாட்டுக் கடனும் உதவியும், மத்திய கிழக்கு நாடுகளிற் பணிபுரிந்தோர் அனுப்பிய பணமுமாகும். துரித மகாவலித் திட்டத்துக்கென வந்த உதவிப் பணம் உள்நாட்டு விலைகளை ஏற்றியமையால், மதிப்பிறக்கம் ஏற்றுமதியாளனுக்குத் தந்த வலிமையும் சில ஆண்டுகளில் தேய்ந்தது. ஒரு கையாற் கொடுத்த ஊக்கத்தை மறு கை பறித்துக்கொண்டது எனலாம்.

இனி, மாற்றத்தின் சுமை யார்மேல் விழுந்தது என்னும் வினா எழுகின்றது. 1977 ஆம் ஆண்டின்பின் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகத் தொடங்கியபொழுது, கடன்பட்டுக் கிணறு ஆழமாக்கி இயந்திரம் வாங்கிய கமக்காரனின் கணக்கு தலைகீழாயிற்று. ஆட்சியாளர் சொல்லை நம்பி முதலிட்டவன் ஆட்சி மாறியவுடன் அதன் தண்டனையை ஏற்க நேர்ந்தது. வாலிபர் குடியேற்றங்களில் எழுந்த நம்பிக்கையும் தளர்ந்தது. அக்காலத்து வடக்கின் மனக்கசப்பில் அரசியற் காரணங்களோடு இப்பொருளாதாரக் காரணமும் கலந்திருந்தது எனக் கருதும் ஆய்வாளர் உளர். துன்பம் வடக்கோடு நின்றதுமன்று. இறக்குமதித் துணியோடு போட்டியிட இயலாமல் தெற்கின் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான கைத்தறிகள் ஓய்ந்தன. அத்தறிகளில் இருந்தோர் பெரும்பாலும் பெண்கள். புதிய ஆடைத் தொழிற்சாலையிலும் பெண்களே வேலை பெற்றனர். ஆனால், தறியை இழந்த பெண்ணே தொழிற்சாலைக்குச் சென்றாளென்பதில்லை. நாட்டின் மொத்தக் கணக்கிற் சமனாகும் இழப்பும் ஆதாயமும் ஒரு குடும்பத்தின் கணக்கிற் சமனாவதில்லை.

இதற்கு மறுப்பாக, விலையேறிய மிளகாயை வாங்கியவரும் ஏழைகளே. அவர்களின் செலவில் ஒரு பகுதியினர் என்றும் காக்கப்படுதல் நீதியாகுமா எனக் கேட்பர். இக்கேள்வி வலிமையுடையது. என்றும் நீளும் காப்பு உற்பத்தியாளனைச் சோம்பச் செய்யும் என்பதும் மெய்யே. ஆயினும் இங்கே குறைகூறப்படுவது கதவு திறக்கப்பட்டமையன்று, திறக்கப்பட்ட முறையாகும். ஆண்டுதோறும் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்தல், அறுவடைக் காலத்தில் இறக்குமதியைத் தாழ்த்திவைத்தல், கடனைத் தள்ளிவைத்தல் முதலிய வழிகள் இருந்தன. வாங்குவோர் பக்கத்திலும் அத்தகைய கவனம் காணப்படவில்லை. அரிசிப் பங்கீட்டின் இடத்தில் 1979 ஆம் ஆண்டில் வந்த உணவு முத்திரையின் பெறுமதி விலைவாசியோடு உயர்த்தப்படாமையால், சில ஆண்டுகளிலேயே அது பெரிதும் தேய்ந்தது. ஆகவே, உற்பத்தியாளனிடமிருந்து நீக்கிய காப்பு நுகர்வோனிடத்தும் நிலைக்கவில்லை.

இவ்விடத்தில் தென் கொரியாவின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. 1960 களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தலைக்குரிய வருமானம் இலங்கையினதைவிட உயர்ந்ததாக இருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டில் அது தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, அவ்வாண்டே 10 கோடி டொலர் ஏற்றுமதியை எட்டியது. ஆயினும் உள்நாட்டுச் சந்தையை உடனே முற்றாகத் திறந்துவிடவில்லை. தொழில்களுக்குக் காப்பும் கடனும் கொடுத்தது. அவற்றிற்கு ஈடாக ஏற்றுமதி இலக்குகளை எட்டுமாறு கேட்டது. இலங்கையிலோ 1977 இற்கு முன் கைம்மாறு கேளாத காப்பும், அதன்பின் காப்புக் கேளாத திறப்பும் அடுத்தடுத்து வந்தன. காப்பையும் கடமையையும் இணைத்த இடைவழி இரு காலத்தும் கைக்கொள்ளப்படவில்லை.

சீர்திருத்தம் ஒருமுறை செய்து முடிக்கப்படுவதன்று என்பதற்குப் பின்வந்த ஆண்டுகளே சான்று. 2000 ஆம் ஆண்டில் இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதே நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து சுங்கத் தீர்வைக்கு மேலாகச் ‘செஸ்’ வரி, துறைமுக விமானநிலைய வரி எனப் பல வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பெயரளவில் திறந்திருந்த கதவு நடைமுறையிற் பாதி சாத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றிலொரு பங்காயிருந்த பண்ட ஏற்றுமதி, 2019 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 14 அளவிற்கு இறங்கியது. 2004 ஆம் ஆண்டு இறுதியில் பல்லிழை உடன்படிக்கை முடிவெய்தியபொழுது ஆடைத்தொழில் அழியுமென அஞ்சினோர் பலர். அஃது அழியவில்லை, தரத்தாலும் நம்பகத்தாலும் நிலைபெற்றது. அத்தொழிலாளரின் திறனுக்கு இது பெருமை. எனினும் அதனருகே இரண்டாவது தொழிலொன்று அவ்வாறு எழவில்லை.

2020 ஆம் ஆண்டில் வரலாறு பழைய இடத்திற்கே திரும்பியது. செலாவணி குறைந்ததும் வாகனம் முதலிய பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியும் தடுக்கப்பட்டுச் சில மாதங்களின்பின் அத்தடை நீக்கப்பட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பெரும் இழப்பிற்குள்ளாயின. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நின்ற வரிசைகள் 1970 களின் பாண் வரிசைகளை மூத்தோர்க்கு நினைவூட்டின. 1960, 1970, 2020 என மும்முறையும் இறக்குமதித் தடையைத் தூண்டியது செலாவணிப் பஞ்சமே. மும்முறையும் உற்பத்தியாளனுக்கு முன்னறிவித்தலோ காலவரையறையோ தரப்படவில்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபொழுதும் அடிப்படை வினா விடையின்றியே நின்றது.

அவ்வினா, கதவு திறந்திருக்கவேண்டுமா மூடியிருக்கவேண்டுமா என்பதன்று. கதவின் பின்னால் எவ்வகை உற்பத்தி எழுந்து நிற்கின்றது என்பதே வினா. 1977 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இலங்கையின் ஏற்றுமதிப் பட்டியலை மாற்றியது; இறக்குமதிப் பசியை வளர்த்தது; ஒற்றைப் பொருளையும் பிறர் சலுகையையும் சார்ந்து நிற்கும் பழைய அமைப்பை மாற்றாது விட்டது. ஆகவே அதனை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. அஃது அரைவழி சென்று நின்ற முயற்சி.

வாணிபக் கொள்கையை வகுப்போர் மறவாதிருக்கவேண்டியது ஒன்றுண்டு. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நடும் கமக்காரன் உலகச் சந்தையைக் கண்டு அஞ்சுபவனல்லன். கொழும்புத்துறைக்கு அப்பாலுள்ள விலையை அவன் அறிவான். அவன் வேண்டுவது அடுத்த போகத்திற்கு எந்த விதி நிற்குமென்னும் உறுதியையும், விதி மாறுமாயின் மாறுவதற்குரிய கால இடைவெளியையும், அவ்விடைவெளியைக் கடக்கத் துணைநிற்கும் கடனையும் களஞ்சியத்தையுமே. இவற்றைக் கொடாது கதவை மூடிய அரசும் அவனுக்கு நிலையான நன்மை செய்யவில்லை. இவற்றைக் கொடாது கதவைத் திறந்த அரசும் செய்யவில்லை. இனி வரும் சீர்திருத்தம் எதுவாயினும், இவ்வுறுதியை அவனுக்கு அளிக்கின்றதா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடுதல் தகும்.